அலுமாரியில் கிடக்கும் கசட்டுகள்



கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாளில் ஆறுதலாக வாசியுங்கள்.

"சேர், இந்தக் கசட்ட டீவீடிக்கு மாத்தித் தர ஏலுமா?" பாடசாலையில் கொம்பியூட்டர் அறை இருப்பதால் பெற்றோர் அடிக்கடி எங்களிடம் இதைக் கேட்கிறார்கள். கலியாணக் கசட், பிள்ளையின் சடங்கு, தோட்டத்துக் கோயில் தேர், பெருநாள் அன்று வீட்டு வாசலில் எடுத்தது என்று எல்லாம் வருகிறது. சிலது பெரிய வீஎச்எஸ், சிலது கைக்குள் அடங்கும் எட்டு மில்லிமீட்டர், சிலது தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய மினி டீவி.

இந்தக் கசட்டுகள் எப்படி வந்தன என்று நினைத்துப் பாருங்கள். லயத்தில் கரண்ட் இல்லாமல் கார் பெட்டரியில் டீவி பார்த்த காலம் அது. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்கள் அனுப்பிய காசில்தான் பல வீடுகளுக்கு முதல் கெமரா வந்தது. மகள் பெரிய பிள்ளையானதைத் தாய் நேரில் பார்க்கவில்லை. கசட்டில் பதிந்து, ஊருக்கு வந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்து அனுப்பினோம். அந்தத் தாய் பார்த்த சடங்கு அதுதான்.

2023 இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கண்காட்சிகள் வைத்தோம், பழைய படங்களைப் பகிர்ந்தோம். அந்தப் படங்களில் பெரும்பாலானவை துரைமாரும் வெள்ளைக்காரப் படப்பிடிப்பாளர்களும் எடுத்தவை. கூடை சுமந்த பெண் ஒருத்தி நிற்பாள், அவளுக்குப் பெயர் இருக்காது. எங்கள் ஆட்கள் தங்களைத் தாங்களே, தங்கள் வீட்டுக்குள் வைத்து எடுத்த அசையும் படம் என்றால் இந்தக் கசட்டுகள்தான். அதில் ஆடுகிற பாட்டிக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இதைச் சாதாரண வீட்டுச் சாமான் என்று ஒதுக்குவது சரியில்லை என்பது எங்கள் கருத்து.

நேரமும் அதிகம் இல்லை. கசட் என்பது பிளாஸ்டிக் நாடாவில் ஒட்டிய காந்தத் தூள். ஒட்டவைக்கும் பசை காலத்தோடு இளகும். எங்கள் பக்கத்து மாரி ஈரத்தில் பூஞ்சை வேறு. நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். அந்தக் கசட்டும் போகும், டெக்கின் ஹெட்டும் போகும், பிறகு போடுகிற நல்ல கசட்டுக்கும் பூஞ்சை ஒட்டும். இதை விடப் பெரிய கஷ்டம், ஓட்டுவதற்கு மெஷின் இல்லாதது. உலகத்தில் கடைசியாக வீஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த யப்பானின் ஃபுனாய் கம்பனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

சரி, எப்படி மாற்றுவது? மினி டீவி என்றால் உள்ளே இருப்பதே டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிளில் கெமராவைக் கொம்பியூட்டரோடு இணைத்தால் அப்படியே இறங்கும். ஒரு மணி நேரத்துக்குப் 13 ஜிபி அளவில் இடம் பிடிக்கும். புது லெப்டொப்பில் அந்த ஓட்டை கிடையாது. ஃபயர்வயர் கார்ட் போட்ட பழைய டெஸ்க்டொப்தான் இதற்குச் சரி. எட்டு மில்லிமீட்டர் கசட்டை சோனியின் சில டிஜிட்டல் 8 கெமராக்களில் போட்டு அதே கேபிளால் எடுக்கலாம். வீஎச்எஸ் என்றால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை யூஎஸ்பி கெப்சர் கருவியில் குத்த வேண்டும். மென்பொருளில் பால் என்பதைத் தெரிவுசெய்ய மறக்காதீர்கள். யப்பானில் வாங்கிய கெமரா என்றால் என்டிஎஸ்சி. நீண்ட நாள் கிடந்த கசட்டைக் கடைசிவரை ஓட்டி, ரீவைண்ட் செய்துவிட்டுப் பிறகு போடுங்கள். இரண்டு மணி நேரக் கசட்டுக்கு இரண்டு மணி நேரம் எடுக்கும். இதில் குறுக்கு வழி இல்லை.

இனி எங்களுக்கு மாற்றுக் கருத்து உள்ள இடம். டீவீடி அடித்தால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு டீவீடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும். கசட்டில் இருப்பதை நசுக்கித்தான் அதற்குள் போடுகிறோம். மூன்று மணி நேரக் கலியாணத்தை ஒரே தட்டில் அடைத்தால் முகங்கள் சதுரம் சதுரமாக உடையும். நகரில் ஒரு கடையில் கொடுத்து வாங்கிய தட்டை எங்களிடம் கொண்டுவந்தார் ஒரு தகப்பன். பாதியில் நின்றுவிடுகிறது. கசட்டைக் கேட்டால், "மாத்தித் தந்துட்டமே, அது எதுக்கு?" என்று கடையில் வீசிவிட்டார்களாம். காசு கொடுத்து மூலத்தை இழந்ததுதான் மிச்சம். ஆகவே டீவீடி வேண்டுமானால் அடியுங்கள், வாப்பாவும் உம்மாவும் பார்க்க அது வசதி. ஆனால் கடைக்காரரிடம் முழு ஃபைலையும் ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். கசட்டையும் திருப்பி வாங்குங்கள்.

பிரதி ஒரே வீட்டில் இருப்பதும் போதாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரின் உடல்கள் கூடக் கிடைக்கவில்லை. அங்கிருந்த வீடுகளின் போட்டோ அல்பமும் கசட்டும் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மீந்தவர்களுக்கு இறந்தவர்களின் முகத்தைக் காட்டக்கூடியது, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பிரதிதான். மண்சரிவு அபாயம் என்று அறிவித்த இடங்களில் எங்கள் சனம் இன்னும் இருக்கிறது. ஒரு பிரதியைக் கொழும்பில் இருக்கும் தம்பியிடமோ வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடமோ கொடுத்து வையுங்கள்.

இன்னொன்று. மாற்றி முடித்த சூட்டோடு பேஸ்புக்கில் போட வேண்டாம். பெண்கள் பக்கம் எடுத்தது, பெண்கள் மட்டும் பார்க்க என்று எடுத்தது. அன்று பதினாறு வயதில் கெமரா முன் சிரித்த ராத்தா இன்று பேரப்பிள்ளை கண்டவர். அவரிடம் கேட்காமல் ஊருக்குக் காட்ட எங்களுக்கு உரிமை இல்லை. சடங்கு வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதைதான். கோயில் திருவிழா, காமன் கூத்து, பாடசாலை விளையாட்டுப் போட்டி போன்ற பொதுவானவை வேறு. அவற்றை நூலக நிறுவனம் போன்ற இடத்துக்குக் கொடுக்கலாம். 2005 இலிருந்து எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்து வருகிறவர்கள், ஒலி, ஒளி ஆவணங்களுக்கும் ஆவணகம் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்.

பெரியவர்களைப் பக்கத்தில் இருத்தி, ஓடும்போதே யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இருபது வருடத்தில் எங்கள் பாட்டியும் துரை எடுத்த படத்துப் பெண்ணைப் போல ஆகிவிடுவார்.

டிசம்பர் விடுமுறையில் பாடசாலைக் கொம்பியூட்டர் அறைகள் சும்மா பூட்டித்தான் கிடக்கின்றன. அதிபர்மார் மனம் வைத்தால், விடுமுறையில் வீட்டில் இருக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பழக்கி, ஒரு தோட்டத்துக் கசட்டுகளை ஒரு விடுமுறையில் முடிக்கலாம். கொம்பியூட்டர் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இல்லாதது ஓடுகிற டெக்தான். ஆகவே வீட்டில் பழைய டெக்கோ கெமராவோ இருந்தால், பழுது என்றாலும் பரவாயில்லை, பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.