அசரீரியா, செய்தியா?

பொழுது புலருமுன் நிலக்கோட்டைத் தோட்டங்களிலே பூப்பறிக்கத் தொடங்கிய கைகள் ஏடு புரட்ட இயலாது. செவியே அவர்தம் செய்தித்தாள். கொடைக்கானல் மலைமீதுள்ள அரசு வானொலி நிலையம், காலைதோறும் நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் திண்டுக்கல் சமவெளிக்கு இறக்கித் தருகிறது. வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: ஏன் ஒரே குரல்?

ஏடுகள் தாம் திரட்டிய செய்தியை எழுதுகின்றன. தொலைக்காட்சிகள் இரவு பகலாய் உரைக்கின்றன. தனியார் பண்பலைக்கு மட்டும் தடை! பாடலாம், சிரிக்கலாம், மழை வருமென்றும் சொல்லலாம். செய்தியென்றால் அரசு வானொலி சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒலிக்க வேண்டுமாம்!

அலைவரிசை பொதுச்சொத்து என 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. பொதுச்சொத்துக்குப் பூட்டு ஏன்? சாவி டில்லியில் ஏன்?

2023இல் ஆங்கில ஒலிபரப்பிலும் 'ஆகாசவாணி' என்றே அறிவிக்குமாறு ஆணை பிறந்தது. 'வானொலி' எனும் நற்றமிழ்ச் சொல்லைப் போற்றும் நமக்கு அது கசந்தது. எனினும் பெயர் பொருத்தமே! புராணத்து அசரீரியை எதிர்த்துக் கேட்டவர் எவர்? மறுத்துரைக்க மற்றொரு குரல் இருந்தாலன்றோ அது செய்தி? இன்றேல் கட்டளை!

பூச்சந்தையில் இரண்டு கடைகளில் விலை கேட்டே கூடையை இறக்கும் உழவன், நாட்டு நடப்பை மட்டும் ஒரே வாயிலிருந்து கேட்க வேண்டுமா? பூட்டைத் திறவுங்கள்!