ஓதிய வசனமும் பார்க்காத பறவையும்



மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் பலருக்கு சூரத்துல் முல்க் மனப்பாடம். தலைக்கு மேலே சிறகுகளை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை இவர்கள் பார்க்கவில்லையா என்று அதன் 19ஆம் வசனம் வினவுகிறது. அதைத் தஜ்வீத் பிழையின்றி ஓதும் பிள்ளையிடம் ஐந்து பறவைகளின் பெயரைக் கேட்டால், காகம், புறா, கிளி என்பதோடு நின்றுவிடுகிறது. வசனம் நாவில் இருக்கிறது. அது காட்டும் காட்சி கண்ணுக்கு எட்டவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறன்றேனும் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குச் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். அம்மாபேட்டைக்கு அருகிலேயே குமரகிரி ஏரி உண்டு. சற்றுத் தொலைவில், சேர்வராயன் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சி மூக்கனேரி உண்டு. 2010ஆம் ஆண்டு வாக்கில் பொதுமக்களே முன்னின்று தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் அமைத்து, மரம் நட்டு மீட்ட ஏரி அது. மாசி, பங்குனி மாதங்களே இதற்கு ஏற்ற பருவம். வெயில் ஏறுமுன் நீர்க்காகம் சிறகு உலர்த்துவதையும், முக்குளிப்பான் மூழ்கி எழுவதையும், மீன்கொத்தி பாய்வதையும் நிதானமாகக் காணலாம்.

இது வீண்பொழுது அல்லவா என்று சிலர் கேட்பர். அபூ உமைர் என்ற சிறுவரிடம் அவருடைய சின்னஞ்சிறு பறவையைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த ஒரே நபிமொழியிலிருந்து இமாம் இப்னுல் காஸ் அறுபது படிப்பினைகளை எடுத்து எழுதினார். நபியவர்கள் நேரம் ஒதுக்கிய ஒன்றை வீண் என்று நாம் சொல்லலாமா?

1896இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சாலிம் அலி, சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் மஞ்சள் தொண்டையைக் கண்டு வியந்தார். அது என்ன பறவை என்று அறிய, அவருடைய மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அவ்வாறு தொடங்கிய பயணமே அவரை இந்தியாவின் தலைசிறந்த பறவையியலாளராக ஆக்கியது. குழந்தையின் கேள்வியை மதிக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

ஒன்றை மறவாதீர்கள். பிள்ளைகளும் தந்தையும் ஏரிக்கரையில் இருக்க, தாய் மட்டும் அடுப்படியில் நிற்பது நீதியன்று. முந்திய இரவே எல்லோரும் சேர்ந்து கட்டிய புளிச்சோறும், அவித்த முட்டையும், ஃபிளாஸ்கில் தேநீரும் போதும். அவரும் பாயில் அமர்ந்து உண்ணட்டும், வானத்தைப் பார்க்கட்டும்.

கொண்டுசென்ற காகிதத்தையும் நெகிழிப் பையையும் திரும்ப எடுத்து வாருங்கள். கூட்டை நெருங்காதீர்கள், குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த தாய்ப்பறவைக்காக நபியவர்கள் பரிந்து, குஞ்சுகளைத் திருப்பித் தரச் சொன்னார்கள் அல்லவா? நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதை நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது.

காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு, மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையைத்தான் தவக்குலுக்கு உவமையாக நபியவர்கள் காட்டினார்கள். அப்பறவை கூட்டைவிட்டு வெளியேறும் வேளையில் நாம் போர்வைக்குள் இருந்தால், அந்தப் பாடத்தை எப்போது கற்பது?

நம் காலைப் பொழுதுகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.