போட்டுக்கொடுப்பதும் போட்டு வாங்குவதும்: கொச்சை என்று ஒதுக்கப்பட்ட வினைகளுக்காக ஒரு வழக்கு

ஆங்கிலத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்றொரு வகை உண்டு. எளிய வினையொன்றுடன் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' போன்ற சிறு சொல்லொன்று ஒட்டிக்கொள்ளும். உடனே பொருள் எங்கோ போய்விடும். புதுமண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்த காலந்தொட்டு இன்றுவரை, இந்த வினைகளின் பட்டியலை மனப்பாடம் செய்யாமல் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியை முடித்த மாணவன் மதுரையில் இருக்க முடியாது. 'நாக் அப்' என்றால் பிரிட்டனில் கதவைத் தட்டி எழுப்புவது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஒரு பெண்ணைக் கருவுறச் செய்வது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நம் பிள்ளைகள் பணம் கட்டிப் படிக்கிறார்கள். படிக்கட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை.

நம் வழக்கு வேறு. அதே மாணவன் 'போட்டுக்கொடுத்தான்', 'கழற்றிவிட்டான்', 'வாங்கிக் கட்டிக்கொண்டான்' என்று ஒரு கட்டுரையில் எழுதினால் தமிழ்த்துறையில் சிவப்பு மை பாய்கிறது. 'கொச்சை' என்று ஓரத்தில் குறிக்கிறோம், மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். ஆங்கிலேயனின் தெருப்பேச்சு நமக்குப் பாடம்; நம் தெருப்பேச்சு நமக்குப் பிழை. இந்த இரட்டை நிலைக்கு இலக்கண நியாயம் ஏதேனும் உண்டா என்பதே நம் கேள்வி. இல்லை என்பதே நம் வாதம்.

முதலில் ஆங்கிலத்தின் கதையைப் பார்ப்போம். 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இவ்வினைகளைப் பற்றிப் பேசுகிறார். அயல்நாட்டார்க்கு ஆங்கிலத்தில் மிகுந்த தொல்லை தருவது இந்தக் கூட்டுதான் என்று ஒப்புக்கொண்டு, அவற்றைத் தேடித் தொகுத்த பாட்டையும் சொல்கிறார். அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று 'டேக் ஆஃப்'. அதற்கு அவர் தரும் பொருள், நகல் செய்வது. விமானம் தரையை விட்டு எழுவதற்கு அச்சொல் வந்து சேர்ந்தது மிகப் பின்னால். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை நூலில் நிலைநிறுத்தியவர் லோகன் பியர்சால் ஸ்மித், ஆண்டு 1925. பெயரைப் பரிந்துரைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி. இவ்வினைகளுக்கென்றே தனி அகராதிகளும் பின்னர் வந்துவிட்டன. தம் மொழியின் மிகக் குழப்பமான பகுதியை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. எண்ணி, வகுத்து, அச்சிட்டு, உலகுக்கு விற்கவும் செய்தார்கள்.

இனி நம்முடையதற்கு வருவோம். 'போட்டுக்கொடு' என்ற ஒரே கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறினால், 'பாத்துப் போட்டுக் குடுங்க' என்கிறார் ஓட்டுநர்; கூலியைச் சற்றுக் கூட்டித் தரச் சொல்கிறார். அலுவலகத்தில், 'மேலதிகாரியிடம் அவனைப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள்' என்றால் காட்டிக்கொடுத்தல். வீட்டில், 'பிள்ளைக்குக் காப்பி போட்டுக் கொடு' என்றால் இரண்டு சொல்லும் தத்தம் நேர்ப்பொருளில் நிற்கின்றன. மூன்றும் ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே மனிதர் வாயில் வருகின்றன. யாரும் குழம்புவதில்லை.

ஏன் குழம்புவதில்லை? இங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரு மனிதர் 'ஐ' உருபேற்றுச் செயப்படுபொருளாக வந்தால் காட்டிக்கொடுத்தல். தொகை செயப்படுபொருளானால் கூட்டித் தருதல். சமைப்பதற்குரிய பொருள் வந்தால் நேர்ப்பொருள். இது விதி. இலக்கணநூல் கேட்பது இதைத்தானே? கொச்சை என்று நாம் ஒதுக்குவதற்குள் வேற்றுமை உருபு தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கிறது. அதைக் காண மறுப்பது நம் குற்றமேயன்றி மொழியின் குற்றமன்று.

'தூக்கு' என்ற வினையைப் பாருங்கள். 'அவனைத் தூக்கிட்டாய்ங்க' என்ற மதுரை வாக்கியத்துக்குக் காவல்துறை பிடித்துக்கொண்டு போனது, பதவியிலிருந்து நீக்கியது, கடத்தியது எனப் பல பொருள். படத்தைத் 'தூக்கிட்டாய்ங்க' என்றால் திரையரங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'போட்டு வாங்கு' என்றால், தெரிந்ததைப்போலச் சிறிது சொல்லிப் பிறர் வாயிலிருந்து மறைபொருளைக் கறப்பது. 'வாங்கிக் கட்டிக்கொள்' என்பதில் வாங்கியது ஏச்சோ அடியோ, துணியன்று. 'ஊற்றிக்கொண்டது' என்றால் முயற்சி தோற்றது. 'அடித்து விடு' என்றால் கூசாமல் பொய்களை அடுக்குவது. இவற்றுள் எதையும் உறுப்புச் சொற்களின் பொருளைக் கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஜான்சன் சொன்ன தொல்லை இதுவேதான்.

இலக்கணம் கற்றவர்கள் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பதுதான் வியப்பு. ஏனெனில் நம் இலக்கணிகள் சுளிக்கவில்லை. தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தது பவணந்தியின் நன்னூல். குழூஉக்குறி என்பது என்ன? ஒரு கூட்டத்தார் ஏதோ ஒரு காரணம்பற்றித் தமக்குள் வழங்கிக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகளில் நாம் ஆண்டுதோறும் நடத்தும் சான்றுகள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழிலாளர் குழூஉக்குறி இலக்கணமாம். இன்றைய மாட்டுத்தாவணி நடத்துநரின் குழூஉக்குறி கொச்சையாம். பழையதாகிவிட்டால் மட்டும் புனிதம் வந்து ஒட்டிக்கொள்ளுமோ?

ஒரு சொல் பல பொருள் தருவதும் நம் மரபுக்குப் புதிதன்று. திவாகர நிகண்டு தன் பன்னிரண்டு தொகுதிகளுள் ஒன்றை 'ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி' என்றே வகுத்துக்கொண்டது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தொகுதி பெயர்களுக்கானது. இரு வினைகள் கூடிப் புதுப்பொருள் பிறக்கும் இடத்தில், 'ஒருசொல் நீர்மைத்து' என்று உரையாசிரியர்கள் குறித்துச் சென்றார்கள். குறிப்பு இருக்கிறது, தொகுப்பு வரவில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய நாம், அந்த இடத்தையே வேலி போட்டு அடைத்துவிட்டோம்.

பேச்சுத் தமிழுக்கென இலக்கணம் எழுதும் துணிவு அயலார்க்கு முன்பே வந்தது. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். 1738இல் அது தரங்கம்பாடியில் அச்சேறியது. மக்களிடம் பேச வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அதனால் மக்கள் பேசியதைக் கேட்டார். நம் காலத்தில் இ. அண்ணாமலை தமிழ் வினை விரிவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுநூல் 1985இல் வந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்தபோது துணைவினைகளையும் கூட்டுவினைகளையும் தனிப் பதிவுகளாகத் தந்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களும் சேர்த்தது. 2008இலும் 2020இலும் அது விரிந்து வந்தது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியைத் தந்தார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியராய் இருந்து அதைச் செய்யவில்லை. பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரத்துக்குச் செய்தார். நல்ல பணிகள் பெரும்பாலும் தனி மனிதர் உழைப்பிலும் ஒரு சிறு பதிப்பகத்தின் பிடிவாதத்திலும் நடந்திருக்கின்றன. 1901இல் தமிழ்ச்சங்கம் கண்ட இந்நகரத்தில், துறைகளும் நிதியும் உள்ள நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

'இதெல்லாம் மொழி ஆர்வலர்களின் பொழுதுபோக்கு. இதனால் யாருக்கு என்ன இழப்பு?' என்று கேட்பவர்கள் நீதிமன்றத்துப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். விசாரணை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார். வழக்கு மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்துக்குப் போனால், 2004முதல் மதுரையிலேயே இயங்கும் அதன் கிளையிலும் மொழி ஆங்கிலம்தான். இடையே இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன: பேச்சு முதலில் எழுத்துத் தமிழாகிறது, பிறகு எழுத்துத் தமிழ் ஆங்கிலமாகிறது. இரண்டாவது மாற்றத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நம்மை அச்சுறுத்துவது முதலாவது.

காரணம் இது. மதுரைப் பேச்சில் 'தூக்கி விடுவாய்ங்க' என்பதும் 'தூக்கிருவாய்ங்க' என்பதும் வேறு வேறு. முன்னது கைகொடுத்து உயர்த்துவது. பின்னது அப்புறப்படுத்துவது, கடத்துவது. முன்னதில் 'விடு' தன் முழு உருவோடு நின்று பொருளைப் பகிர்கிறது. பின்னதில் அது துணைவினையாகத் தேய்ந்து, 'இரு' என்ற ஒலியளவில் ஒட்டி, செயல் முடிந்தே தீரும் என்ற உறுதியை மட்டும் தருகிறது. பேசுவோர் காதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் எழுதுவோர் இதைச் 'செந்தமிழாக்கும்'போது இரண்டும் 'தூக்கிவிடுவார்கள்' ஆகிவிடுகின்றன. உதவியும் கடத்தலும் தாளில் ஒன்றாகின்றன. 'சட்டையைப் போட்டு விடு' என்பதற்கும் 'அவனைப் போட்ரு' என்பதற்கும் இதே கதிதான், பின்னது கொலை. பேச்சு காத்த வேறுபாட்டை எழுத்து அழிக்கிறது. துல்லியம் கொச்சையிலும் குழப்பம் செம்மையிலும் இருக்கும் இந்த இடத்தைப் பற்றி நம் தூய்மைவாதிகள் என்ன சொல்லப்போகிறார்கள்?

'உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்பது இன்னும் கடினம். நோயுற்ற தாயிடம் மகன் சொன்னால் அன்பு. வாய்க்கால் தகராறில் பக்கத்து வயல்காரர் சொன்னால் மிரட்டல். இங்கே உருபு உதவாது. யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னார் என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. குற்றமுறு மிரட்டல் என்பது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 503, 506ஆம் பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு. ஒருவர் சிறை செல்வதும் செல்லாததும் ஒரு துணைவினையின் பொருளைத் தொட்டு நிற்கக்கூடும். 'டேக் கேர் ஆஃப்' என்ற ஆங்கிலத் தொடருக்கும் பேணுதல், தீர்த்துக்கட்டுதல் என்ற இரு முகங்கள் உண்டு. ஆங்கில அகராதி அதைப் பதிந்து வைத்திருக்கிறது. ஓர் ஆங்கில வழக்கறிஞர் புத்தகத்தைப் புரட்டிக் காட்டலாம். நம் வழக்கறிஞர் எதைப் புரட்டுவார்? தமிழ்த்துறை தந்த சிவப்பு மையையா?

எதிர்வாதங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 'சைட் அடி', 'கட் அடி', 'சீன் போடு' போன்றவற்றில் ஆங்கிலம் கலந்திருக்கிறதே என்பது. கலந்திருக்கிறது. ஆனால் வாக்கியத்தில் காலமும் இடமும் ஏற்று நடப்பது எது? 'அடித்தான்', 'போடுகிறாள்' என்ற தமிழ் வினை. வந்த சொல் பெயராகி முன்னே உட்கார்ந்திருக்கிறது. வண்டியை ஓட்டுவது 'அடி'யும் 'போடு'வும்தான். அயற்சொல்லை வேலைக்கு அமர்த்திக்கொள்ளும் வலிமை வினைக்கு இருக்கும்வரை மொழியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

மற்றொன்று, இத்தகைய பேச்சில் பெண்களை இழிவுசெய்வதும் சாதித் திமிரும் கலந்திருக்கிறதே என்பது. இது கனமான வாதம். இதை நாம் புறந்தள்ளவில்லை. 'சைட் அடி' என்பதை விளையாட்டாகக் கருதுபவன் ஆண். அதன் மறுமுனையில் கல்லூரிக்கு நடந்து போகும் பெண்ணுக்கு அது தொல்லை. இதற்கு மருந்து, பதியாமல் விடுவதன்று. யார் சொல்கிறார், யாரைக் காயப்படுத்துகிறது என்ற குறிப்போடு பதிவதே. 'காதல்', 'சுப்ரமணியபுரம்' போன்ற படங்கள் வந்த 2000களில் மதுரைத் தமிழ் என்றாலே அரிவாள் தமிழ் என்றொரு எண்ணம் பரவியது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் மக்கள் இந்த வினைகளைக் கொண்டு கடன் கேட்கிறார்கள், பெண் பேசுகிறார்கள், ஒப்பாரி வைக்கிறார்கள். முழுமையாய்ப் பதிந்தால்தான் அந்தப் பொய்ப்படம் உடையும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. இந்நகரின் தமிழ்த்துறைகள் ஓராண்டு முதுகலை ஒப்படைப்புகளை இதற்கு ஒதுக்கட்டும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் கேட்ட பத்துக் கூட்டுவினைகளை, சொன்னவரின் வயது, தொழில், ஊர், சொன்ன சூழல், ஏற்ற வேற்றுமை உருபு, பொருள் ஆகியவற்றோடு எழுதித் தரட்டும். ஒலித்தபடியே எழுதட்டும், திருத்தாமல். சில சொற்கள் ஐந்தாண்டில் செத்துப்போகும், போகட்டும். ஜான்சன் பதிந்த 'டேக் ஆஃப்' பொருளும் இன்று ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டதுதான். ஆயினும் அது எந்த ஆண்டில் உயிரோடிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமக்கோ நம் தாய்மார்கள் நேற்றுப் பேசியதன் பொருளுக்குச் சான்று காட்ட ஏடில்லை. செம்மொழி என்று கல்வெட்டுக்கும் ஏட்டுக்கும் விழா எடுப்பவர்கள், உயிரோடிருக்கும் வாயிலிருந்து வருவதைக் காதில் போட்டுக்கொள்ள இன்னும் எத்தனை காலம் ஆகும்? 'காதில் போட்டுக்கொள்' என்பதும் ஒரு கூட்டுவினைதான். அதையும் கொச்சை என்று அடித்துவிடாதீர்கள்.