கல்லறையில் மாண்ட மொழி

“மொழி வெறுங் கருவிதானே! பிறமொழியிற் பெயர் வைத்தாற் குடியா முழுகிவிடும்?” என வினவும் அறிவாளர் நம்மிடையே உளர். அவர்களை இத்தாலியக் கல்லறைகளுக்கு அழைக்கின்றோம். செத்த மாந்தரைக் காண அன்று. செத்த மொழியைக் காண!

ஊர் எல்லைக்குள் பிணத்தைப் புதைத்தலும் எரித்தலும் கூடாவெனக் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே உரோமையரின் பன்னிரு பலகைச் சட்டம் விதித்தது. ஆதலின் அவர்தம் கல்லறைகள் ஊர்ப்புறச் சாலைகளின் இருமருங்கும் எழுந்து, வழிச்செல்வோரை நோக்கிப் பேசின. எம்மொழியில்? கி.மு. 298இல் ஆட்சித் தலைவருள் ஒருவனாயிருந்த சிப்பியோ பார்பாத்தசின் கற்பேழையைக் காண்க. அதன் பூவேலை கிரேக்கப் பாங்கு, புகழுரையோ இலத்தீன்! உரோமையில் அடுதொழில் நடத்திய யூரிசாக்கெசு கிரேக்கப் பெயரினன். அவன் கல்லறையும் இலத்தீனே பேசுகின்றது. உரோமையர் பிறர் கலையைக் கொண்டனர். தம் நாவைக் கொடுத்தாரல்லர்.

இனி, அவர்க்கு வடக்கே வாழ்ந்த எத்துருசுக்கரைப் பாருங்கள். உரோமையர்க்குக் கலை பல பயிற்றிய மூத்த இனம் அது. செர்வேத்தெரியில் பாறையைக் குடைந்து, தலையணையும் கத்தியும் கயிறுங்கூடச் சுதையில் வடித்து, இறந்தோர்க்கு இல்லம் அமைத்தனர்.

பெரூசியாவில் 1840இற் கண்டறியப்பெற்ற வெலிம்னா குடியினரின் கல்லறையும் வீட்டு வடிவினதே. அங்குள்ள முன்னோரின் நீற்றுப்பேழைகளில் எத்துருசுக்க மொழியே உளது. பின்வந்த ஒருவனின் பளிங்குப் பேழையிலோ இரு மொழி! வெலிம்னா என்னும் குடிப்பெயர் இலத்தீனில் வொலும்னியசு ஆயிற்று. நிலத்தை உரோமையர் வாள் வென்றது. நாவையோ பெருங்குடியினர் ஆட்சியிருக்கைக்கு விலையாய்த் தாமே தந்தனர்.

விளைவு என்ன? இன்று அம்மொழியின் எழுத்தைப் படிக்கலாம். பொருளை முழுதும் உணர்வார் ஒருவரும் இலர். எஞ்சியவற்றுள் மிக நீண்டது ஒரு துணிநூல். அதனையும் கீற்றுக் கீற்றாய்க் கிழித்து எகிப்தில் ஒரு பிணத்தைச் சுற்றிவிட்டனர். ஓர் இனத்தின் நூல் அயலார் பிணத்துக்குக் கட்டுத்துணியாயிற்று!

தமிழ் மக்களே! மொழிச்சாவு முதலிற் பெயரில் தோன்றும். பின்னரே நாவுக்குப் பரவும். நும் மகவின் பெயர் எம்மொழியது? நும் கடைப்பலகை எம்மொழியது? நும் தந்தையின் கல்லறைமேல் வெட்டிய வரி எம்மொழியது? இன்றே எண்ணிப் பாருங்கள். கல், காப்பார் இன்றியும் நிற்கும். சொல், பேசுவார் இன்றி நில்லாது.