ஒட்டாத கல்லுக்கு ஏற்ற திருப்பி

நான்ஸ்டிக் தோசைக்கல்லைப் பணங்கொடுத்து வாங்கும் அங்கத்தினர் பலர், தோசையைத் திருப்ப வீட்டிலுள்ள எஃகுத் திருப்பியே போதுமென்று எண்ணிவிடுகின்றனர். நட்டம் இங்கேதான் தொடங்குகிறது. 1954-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து மார்க் கிரெகுவார் அலுமினியச் சட்டியின்மேல் படியச்செய்த டெஃப்லான் பூச்சே இன்றும் பெரும்பாலும் வழக்கிலுள்ளது. அது காகிதத்தினும் மெல்லிய படலம். எஃகு முனை பட்டால் கீறும். கீறிய இடத்தில் மாவு ஒட்டும். ஒட்டியதைச் சுரண்டினால் மேலும் கீறும்.

சிலிக்கோன் திருப்பி மென்மையானது. 200 பாகை சென்டிகிரேடு வெப்பத்தையும் தாங்கவல்லது. நைலான் விலை குறைவுதான். ஆனால் சூடான கல்லின்மேல் மறந்து வைத்தால் அதன் விளிம்பு உருகிக் கோணலாகிவிடும்.

வாங்கும்போது கைப்பிடியும் அலகும் ஒரே வார்ப்பாக உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். செருகியவற்றில் இடுக்கில் எண்ணெயும் நீரும் தங்கும். நாளடைவில் தலை கழன்றுவிடும். உள்ளே எஃகுத் தண்டு இருப்பின் கனத்த அடையையும் தாங்கும். விளிம்பு தடித்திருந்தாலோ, தோசையின் அடியில் நுழையவே நுழையாது! வெப்ப அளவு குறிக்கப்படாத சரக்கை, மலிவென்று கருதி நமது பண்டகசாலைகள் கொள்முதல் செய்தலாகாது என்பது எமது கருத்து.

குழம்பு கிளறுவதற்குக் கொட்டாங்கச்சி அகப்பை உள்ள வீட்டினர் சிலிக்கோன் கரண்டிக்குச் செலவிட வேண்டுவதில்லை. வழுவழுப்பான அகப்பை பூச்சைக் கெடுக்காது. ஆனால் வெறுங்கல்லை எரியும் அடுப்பில் விட்டுச்செல்வோருக்கு எக்கருவியும் உதவாது. 260 பாகைக்கு மேல் பூச்சே சிதையத் தொடங்கும். அடுத்த கொள்முதற் பட்டியலில் கல்லோடு திருப்பியையும் சேர்த்தெழுதுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.