பூண்டு கொரோனாவை விரட்டும்னா, பூண்டியில எதுக்கு லாக்டௌன்?

2020 தொடக்கத்துல எல்லா ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்தின அந்த மெசேஜ் ஞாபகம் இருக்கா? பூண்டைக் கொதிக்க வெச்சுக் குடிச்சா கொரோனா கிட்டயே வராதாம். அதுக்கு ஆதாரம் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனமே விளக்கம் கொடுக்க வேண்டியதாப் போச்சு. ஆனா, அந்த மெசேஜைப் பார்த்துச் சிரிக்க முழுத் தகுதி உள்ளவங்க கொடைக்கானல் மேல்மலைப் பெருசுகள்தான். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டினா பூண்டி. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு விளையுற பூமி. அங்கேயும்தானே ஊரடங்கு போட்டாங்க!

மாஸ்க் கதை இன்னும் ஜோர். குளிருக்கு மஃப்ளரைச் சுத்தி, பாதி முகத்தை மூடியே பழகினவங்ககிட்ட போய், 'மாஸ்க் போடலைனா 200 ரூபா அபராதம்'னு சொன்னா சிரிக்காம என்ன செய்வாங்க?

அரசாங்கமும் அவங்க நக்கலுக்குத் தீனி போட்டுச்சு. வயசானவங்க வெளியவே வராதீங்கன்னு ஒரு பக்கம் அறிவிப்பு. 2020 மே 7-ம் தேதி டாஸ்மாக் திறந்தப்போ, காலை 10 மணியிலிருந்து 1 மணி வரைக்கும் 50 வயசு தாண்டினவங்களுக்குத்தான் முதல் மரியாதை. இளவட்டங்களுக்கு சாயங்காலம்தான்!

ஆனா, இந்த நக்கலை 'பெருசுகளுக்கு விவரம் தெரியலை'ன்னு எடுத்துக்கிட்டதுதான் நாம செஞ்ச தப்பு. குவாரன்டீன்ங்கிற வார்த்தை நமக்குத்தான் புதுசு. அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை செருகியிருந்தா வெளியாள் உள்ளே போக மாட்டாங்க. வீட்டுல தாளிப்பு கிடையாது. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அந்த வீட்டு ஆளுங்க ஊர் சுத்தவும் மாட்டாங்க. மாநகராட்சி கதவுல ஒட்டின ஸ்டிக்கர் செஞ்சதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

அதைவிட முக்கியம், அவங்க கையில இருக்கிற அம்மை குத்தின தழும்பு. (நம்ம கையில இருக்கிறது பெரும்பாலும் காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி.) 1975-ல இந்தியாவுல கடைசி பெரியம்மை நோயாளி, 1980-ல உலகத்தைவிட்டே அது ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. வேப்பிலை கூடவே இருந்தும், அதை ஒழிச்சது ஊசிதான்.

2021 மார்ச் 1 முதல் 60 வயசு தாண்டினவங்களுக்குக் கொரோனா தடுப்பூசி ஆரம்பிச்சது. ஏப்ரல் 15-ம் தேதி ஊசி போட்டுக்கிட்ட நடிகர் விவேக், 17-ம் தேதி மாரடைப்பால இறந்தார். தடுப்பூசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு டாக்டர்கள் சொல்லியும் பயம் பரவிடுச்சு. இரண்டாவது அலை உச்சத்துக்கு ஏறிட்டிருந்த நேரம். ஊசி தேவைப்பட்ட வயசுக்காரங்களே தயங்கினாங்க.

எனக்கு ஒரே ஆதங்கம்தான். விழிப்புணர்வு வீடியோவுக்கெல்லாம் சினிமா முகங்களைத் தேடினோம். தழும்போட திண்ணையில உட்கார்ந்திருந்தவங்ககிட்ட மைக்கை நீட்டியிருக்கலாம்.