பாட்டி பெயர் வேண்டாமா?

பெண் குழந்தைக்குப் பாட்டியின் பெயரைச் சூட்டலாம் என்றால், “அது கட்டுப்பெட்டிப் பெயர்” என்று முகம் சுளிப்போர் பெருகிவிட்டனர். நாகரிகம் தேடும் அவசரத்தில் பெயரின் பொருளை மறந்துவிடலாமா?

சவரியம்மாள் என்னும் பெயரில் புனித சவேரியார் இருக்கிறார். லூர்தம்மாள் என்னும் பெயரில், 1858-இல் தேவ அன்னை காட்சி தந்த லூர்து நகர் இருக்கிறது. முத்துலட்சுமி என்பதும் பழைய பெயர்தான். அப்பெயருடன் 1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். பழைய பெயர் அவரைத் தடுத்ததா?

ஆனால், பழைய பெயர்கள் எல்லாமே நல்லவை அல்ல. அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீடுகளில் போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெயர் வைத்தார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையாம்! வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கப்படும்போதெல்லாம் “வேண்டாம்” என்ற சொல்லுக்கு “உள்ளேன் அம்மா” என்று எழுந்து நிற்கும் சிறுமியின் மனம் என்ன பாடுபடும்?

பெற்றோரே! பெயர் பழையதா, புதியதா என்று பாராதீர்கள். அதைக் கேட்கும் மகள், தான் இவ்வீட்டிற்கு வேண்டியவள் என்று உணர்வாளா என்று பாருங்கள். பாட்டியின் பெயரை மகிழ்ச்சியோடு வையுங்கள். போதும்பொண்ணு மட்டும் இனிப் போதும்!

– பத்தாம் வகுப்பு மாணவி